சேறு பூசிய பெரியவர்

“இவர் இந்த ஊர் ஆளே இல்லையே” என்றாள் படகுக்காரம்மா.

பிரேம் போட்ட கதவளவு படத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நின்ற புகைப்படக் கலைஞருக்கு வேர்த்துக் கொட்டியது. மணி இரண்டரை. படத்தில் இருக்கும் பெரியவரை நான்கு மணிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். பிரேமை அவர் கையில் கொடுத்து, கொடுப்பதையும் படம் எடுத்து அனுப்ப வேண்டும். ஊர் ஊராகப் போய்ப் படம் எடுக்கிறவன் அந்த ஊருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்பது பரிசு கொடுக்கும் அறக்கட்டளையின் கொள்கை.

தவறினால் இந்தப் படத்துக்குக் கிடைத்த முதல் பரிசு இரண்டாம் இடத்துக்காரருக்குப் போய்விடும். போகட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த இரண்டாம் இடத்துக்காரர் இவருடைய மச்சான். கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் தாடையைத் தூக்கச் சொல்லிப் படம் எடுக்கிற ஆசாமி. அவன் பரிசு வாங்கிவிட்டால் அப்புறம் வீட்டில் தண்ணீர் கேட்டால்கூடக் கிடைக்காது.

“நல்லாப் பாருங்கம்மா. ரெண்டு வருஷம் முன்னாடி, இதே துறையில, கவுத்துப் போட்ட படகு மேல உக்காந்திருந்தார்.”

அவள் பார்த்தாள். முகமெல்லாம் சேறு. உடம்பைச் சுற்றிக் கிழிந்த போர்வை. ஆற்றையே வெறிக்கும் கண்கள். கீழே தங்க எழுத்தில் ‘நதியின் மகன்’.

“பாத்துட்டுத்தான் சொல்றேன். இவர் அன்னிக்கு...”

“அம்மா, இது இந்த மண்ணோட முகம்! இந்தக் கண்ணுல நூறு வருஷத்துப் பசி இருக்கு. இருபது வருஷமா படம் எடுக்கறேன், எனக்குத் தெரியாதா?”

எல்லாம் தெரிந்தவரிடம் என்ன பேசுவது? அவள் துடுப்பைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“ஆளு கிடைச்சா, இந்தத் துறைக்கு ஒரு கொட்டகை கட்டித் தர்றதாச் சொல்லியிருக்காங்க. கூரை, பெஞ்சு எல்லாம்” என்று முனகிக்கொண்டே அவர் பிரேமைத் தூக்கினார்.

துடைப்பது நின்றது. மழை வந்தால் ஜனங்கள் தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு படகுக்குக் காத்திருக்கும் துறை அது.

“இன்னொரு தரம் காட்டுங்க... அட, நம்ம பெரியப்பா!”

“உங்க பெரியப்பாவா?” என்று எழுந்து வந்தான் வலை பின்னுகிறவன். “என் மாமனாரு அக்கா. மூக்கைப் பாருங்க.”

“மூக்கு கிடக்கட்டும், காதைப் பாருங்க. எங்க சித்தப்பா!” என்றான் படகு எஞ்சின் மெக்கானிக்.

“மூணு பேரும் ஒரே ஆளத்தானே சொல்றீங்க?”

“இல்லீங்க” என்றார்கள் மூவரும் ஒற்றுமையாக.

“அப்ப ஆளக் கூட்டிட்டு வாங்க, நானே பாத்துச் சொல்றேன்” என்றார் கலைஞர்.

அரை மணி நேரத்தில் ஏழு பெரியவர்கள் வந்தார்கள். ஏழு போர்வைகள். ஒன்று ரோஜாப்பூ போட்ட மெத்தை விரிப்பு. ஏழு பேரும் கவிழ்த்த படகின் மேல் வரிசையாக உட்கார்ந்து ஆற்றை வெறித்தார்கள். பாரம் தாங்காமல் படகு சரிய, மூன்று பேர் சேற்றில் குப்புற விழுந்தார்கள். எழுந்தபோது மூவருமே படத்தில் இருந்தவரை உரித்து வைத்திருந்தார்கள். இதைக் கண்ட மற்ற நால்வரும் தாங்களாகவே சேற்றை அள்ளிப் பூசிக்கொண்டார்கள்.

“இப்ப யாரு யாருன்னே தெரியலையே!” என்று கலைஞர் தலையில் கை வைத்தார்.

“எங்களுக்கும்தான்” என்றான் மெக்கானிக். “எங்க சித்தப்பா எதுங்க?”

மணி மூன்றே முக்கால். கலைஞர் கலையைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு, ஒரு பெரியவரைக் கையைப் பிடித்து இழுத்தார். வலைக்காரனின் மாமனார் அவர். காலையிலிருந்து கடுமையான பல்வலி. தூரத்திலிருந்து பார்த்தால் நூறு வருஷத்துப் பசி போலவே இருந்தது.

பிரேமைக் கொடுத்தார், படம் எடுத்தார், அனுப்பினார். உடனே செல்போன் ஒலித்தது. வீடியோ கால். கண்ணாடியும் டையுமாக அறக்கட்டளைத் தலைவர். கடிதங்களின் அடியில் கையெழுத்தாக மட்டுமே கலைஞர் அவரைப் பார்த்திருந்தார்.

“பெரியவர் கிடைச்சுட்டாரா தம்பி?”

“கிடைச்சுட்டார் சார்! படகுலயே பொறந்தவர். இந்தக் கரையத் தாண்டினதே இல்ல. கேமரான்னா என்னன்னே தெரியாது, பாவம்.”

“அன்னிக்கு எதை நெனச்சு அப்படி உக்காந்திருந்தார்னு கேளுங்களேன்.”

“பசின்னு சொல்லுங்க” என்று கிசுகிசுத்தார் கலைஞர்.

“பல்லு” என்றார் மாமனார்.

“பசியில பல்லுகூட வலிக்குதாம் சார்!”

படகுக்காரம்மா தோளுக்கு மேலாகச் செல்போனை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டு சட்டென்று பின்வாங்கினாள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

“அந்தம்மா நல்லா இருக்காங்களா? அன்னிக்குக் கேமராவோட ஆத்துல விழுந்த என்னை இழுத்துப் போட்டு, போர்வை போர்த்தி, அந்தப் படகு மேல உக்கார வெச்சது அவங்கதான், அதனால கொட்டகை கண்டிப்பா உண்டு. நீங்க பிரேமைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்குச் சீக்கிரம் கெளம்புங்க தம்பி, நாலு மணிக்கு இன்னும் மூணு நிமிஷந்தான் இருக்கு.”