கறுப்புக் கோடு தெரியாத ரோபோ

தோற்றதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. தோற்ற பிறகு நான் பேசிய பேச்சை நினைத்தால்தான் இன்றைக்கும் காது சுடுகிறது.

இரண்டாயிரத்து மூன்றோ நாலோ. திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தேன். பெண்கள் நானும் மேரியும், கூடக் குமாரும், மூவரும் சேர்ந்து ஒரு ரோபோ செய்தோம். (கை கால் முளைத்த ஆளை நினைக்காதீர்கள். டிபன் டப்பாவுக்கு மூன்று சக்கரம் வைத்த மாதிரி இருக்கும்.) வெள்ளைத் தரையில் போட்ட கறுப்புக் கோட்டைப் பார்த்து, அதன் மேலேயே ஓட வேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை.

தென்சென்னையில் ஒரு பெரிய கல்லூரியில் போட்டி. எங்கள் துறைத் தலைவர் சொன்னார்: “முதல் ரவுண்டு தாண்டுங்க, லேப் சாவி வருஷம் பூரா உங்ககிட்ட. இல்லன்னா நாலு மணிக்குப் பூட்டிட்டுப் போயிடுவேன்.” எங்களுக்கு வகுப்பு முடிவதே நாலு மணிக்குத்தான். மூவர் வீட்டிலும் படுக்கவே இடம் போதாது, இதில் கம்பி பற்றவைக்கும் சால்டரிங்கை எங்கே வைப்பது? அந்தச் சாவி எங்களுக்கு உயிர்.

ஆறு வாரம் பயிற்சி. நிலக்கரி லாரி போகும் சாலையை ஒட்டிய வகுப்பறை. தரையில் வெள்ளைச் சார்ட் விரித்து, கறுப்புப் பெயின்ட்டில் கோடு போட்டோம். ரோபோவின் கண்ணருகே ஒரு குட்டி ஸ்குரு. அதைத் திருப்பித் திருப்பி, எது வெள்ளை, எது கறுப்பு என்று அதற்குப் படித்துக் கொடுத்தேன். கடைசி வாரம் பிசகாமல் ஓடியது. ஸ்குருவின் மேல் நெயில் பாலிஷ் ஊற்றி உறைய வைத்துவிட்டேன். இனி எவனும் தொடக் கூடாது.

போட்டி அரங்கில் ஏசி. கூரை முழுக்க விளக்கு. தரையில் புது வெள்ளை விரிப்பு.

குமார் காதருகே வந்தான். “லைட்டு இன்னாமா கீது பாரு. ஸ்குருவ ஒரு தபா திருப்பிப் பாத்துக்கலாம்.”

“கை வச்சே, கைய ஒட்ச்சிடுவேன். ஒரு வாரமா கரீட்டா ஓடிக்கினு கீது.”

“அது அங்க ஓடிச்சி. இங்க வேற.”

“பேஜார் பண்ணாத நைனா. ஓரமா நில்லு.”

விசில் ஊதினார்கள். கோடு இடப்பக்கம் வளைந்தது. ரோபோ வளையவில்லை. நேராக நடுவர் மேசைக்கு அடியில் புகுந்து ஒரு பேராசிரியரின் செருப்பை முட்டியது. அரங்கமே சிரித்தது. மூன்று வாய்ப்பு. மூன்று முறையும் அதே செருப்பு.

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். நான் மேசையைத் தட்டி, “உங்க கோடு சரியில்ல சார்! எங்கள தோக்கடிக்கணும்னே போட்டிருக்கீங்க! எங்க ஷீட்ல ஓட்டிப் பாருங்க!” என்று கத்தினேன். கொண்டுபோயிருந்த எங்கள் சார்ட்டைப் பிரித்து அவர்கள் விரிப்பின் மேல் போட்டேன்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம்.

அவர்கள் வெள்ளைக்குப் பக்கத்தில் எங்கள் வெள்ளை, எருமைத் தோல் நிறத்தில் கிடந்தது. நடுவர் குனிந்து விரலால் தேய்த்தார். விரல் கறுத்தது. “இது வெள்ளையாம்மா?” என்றார். கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டார்.

ஆறு வார லாரித் தூசி. மூன்று பேர் கண்ணிலும் படவில்லை. எங்கள் சுவர், துணி, மூக்குச் சளி எல்லாம் அந்த நிறம்தானே. அதைத்தான் வெள்ளை என்று ரோபோவுக்கும் படித்துக் கொடுத்திருந்தேன். அந்த வெளிச்சத்தில் அவர்கள் ஒட்டிய கறுப்பு டேப்கூட எங்கள் சார்ட்டைவிடப் பளபளத்தது. ரோபோ பாவம், எல்லாவற்றையும் வெள்ளையாகவே பார்த்தது.

திரும்பும் பஸ்ஸில் மேரிதான் வாய் திறந்தாள். “குமாரு சொன்னப்பவே திருப்பியிருந்தா சாவி நம்ம கைல இருந்திருக்கும்.” நான் ஸ்குருவின் மேலிருந்த நெயில் பாலிஷை நகத்தால் சுரண்டிக்கொண்டே வந்தேன். மறுநாள் நாலு மணிக்கு லேப்பில் பூட்டு தொங்கியது.

இப்போது யோசித்தால், என் கோபம் சரிதான். ஆள்தான் தப்பு. யாரைப் பார்த்துக் கத்தியிருக்க வேண்டுமோ, அந்த நிலக்கரி லாரிகளை விட்டவர்கள் அரங்கில் இல்லை.

மேரி இதை எங்கள் வீட்டில் போட்டுக்கொடுத்துவிட்டாள். இன்றைக்கும் அண்ணன் வெள்ளைச் சட்டை எடுக்கப் போனால் கடைக்காரரிடம் கேட்பான்: “இது உங்க வெள்ளையா, எந்தங்கச்சி வெள்ளையா?” கடைக்காரர் விழிப்பார். நான் முறைப்பேன். எந்த வெள்ளையை வாங்கினாலும், எங்கள் மொட்டைமாடியில் நாலு முறை காயப்போட்டால் என் வெள்ளை ஆகிவிடுகிறது.