மாமன் மடி மரத்துல மாட்டிக்கிச்சு

இன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதாங்க. பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூட்டிக்கிட்டு கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போகணும்.

அங்க அக்கா மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் நான்தான். என் மடியில உட்கார வெச்சுத்தான் குத்தணும். நல்ல நேரம் முடியறதுக்குள்ள போகலைன்னா, அக்கா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டும். அதனால புது வெள்ளை வேட்டி, வெள்ளை சட்டை. மாப்பிள்ளை மாதிரி கிளம்பிட்டேன்!

என் பொண்ணு நிலாவுக்கு நாலு வயசு. விசேஷ நாள்லகூட லீவு போட மாட்டா. ஏன்னா அவ ஸ்கூல் செந்துறைப் பக்கம் ஒரு முந்திரிக்காட்டுல நடக்குது. பெஞ்சு இல்ல, போர்டு இல்ல. மண்ணு, குச்சி, மரம், இதுதான் பாடம். வூட்டுல எதையெல்லாம் பண்ணாதன்னு திட்டுறோமோ, அதையெல்லாம் அங்க பண்ணச் சொல்றாங்க.

போனா, நிலா மரத்து மேல!

"இறங்கு தங்கம், நேரமாச்சு."

"இருப்பா. எறும்பு ஊர்வலம் போவுது. முடியட்டும்."

எறும்பு ஊர்வலம் என்னைக்குங்க முடிஞ்சிருக்கு?

தூக்கலாம்னு கையை நீட்டினேன். மிஸ் ஓடி வந்தாங்க. "சார், தூக்காதீங்க! தானா ஏறுன புள்ள தானாத்தான் இறங்கணும். அதான் இங்க ரூல். அப்பதான் கைகால் எங்க வைக்கணும்னு பழகும்."

"பெரியவங்க ஏறலாமா மிஸ்?"

என் வேட்டியைப் பார்த்தாங்க. "ஏறலாம் சார், ஆனா..."

அந்த 'ஆனா'வை முழுசா கேட்டிருக்கணும். முந்திரிக்கொட்டை மாதிரி, வேட்டியை மடிச்சுக் கட்டி ஏறிட்டேன்.

நிலா என்னைப் பார்த்தா, எறும்பைப் பார்த்தா. "முடிஞ்சிருச்சுப்பா"ன்னு சொல்லிட்டு சரசரன்னு இறங்கிப் போயிட்டா.

நான் கீழ பார்த்தேன். ஏறும்போது குட்டை மரமா இருந்தது, இப்ப தண்ணி டேங்க் உசரத்துக்கு நிக்குது!

அந்த நேரம் பார்த்து போன்.

"எங்கடா இருக்க?"

"மரத்துலக்கா."

"வெளாடுறியா? காது குத்த ஆசாரி வந்துட்டாரு!"

போனைப் பையில போட்டுட்டு, "மிஸ், கொஞ்சம் இறக்கி விடுங்களேன்"னு அழாத குறையா கெஞ்சினேன்.

மிஸ் பதில் சொல்றதுக்குள்ள மரத்தைச் சுத்தி நின்ன வாண்டுங்க எல்லாம் ஒண்ணா கத்துதுங்க: "தானா ஏறுனா தானாத்தான் இறங்கணும்!"

அப்புறம் ஆரம்பிச்சுது பாருங்க கோச்சிங்கு.

"மூஞ்சிய மரத்துப் பக்கம் திருப்புங்க அங்கிள்!"

"கீழ பாக்காதீங்க, காலால தேடுங்க!"

"மரத்தைக் கட்டிப் புடிச்சுக்கங்க!"

கட்டிப் புடிச்சேன். நடுவுல தொங்குன பழம் நசுங்கிருச்சு. நெஞ்சுல இருந்து வேட்டி வரைக்கும் சாறு! முந்திரிப்பழக் கறை பத்தி உங்களுக்குச் சொல்லணுமா? துணி கிழியும், கறை போகாது.

அந்த அதிர்ச்சியில கால் வழுக்கிருச்சு. மிச்ச தூரம் அடிமரத்தோட உரசிக்கிட்டே வந்து சேர்ந்தேன். ரெண்டு தொடையிலயும் தோலு உரிஞ்சு போச்சு. வாண்டுங்க ஒரே கைதட்டல்.

"மொதல்ல அப்படித்தான் இருக்கும் அங்கிள்"னு ஒரு பாப்பா ஆறுதல் சொல்லுச்சு. அவமானத்துல பெரிய அவமானம் அதுதாங்க.

பைக்கை விரட்டுன விரட்டுல, நல்ல நேரம் முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி கோயிலுக்குப் போயிட்டோம். அக்கா என் சட்டையைப் பார்த்துப் பல்லைக் கடிச்சுது. திட்ட நேரமில்லாததால, புள்ளையைத் தூக்கி மடியில வெச்சுது.

வெச்ச இடம் சரியா தோலு உரிஞ்ச இடம். ஆசாரியைப் பார்த்ததும் புள்ள உதைக்க ஆரம்பிச்சுது. அவ கத்துறதுக்கு முன்னாடி நான் கத்திட்டேன். கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

சொந்தக்காரங்க அப்படியே உருகிட்டாங்க. "தாய்மாமன்னா இப்படி இருக்கணும்யா"ன்னு அக்காவோட மாமியார் வழிச் சனம் வரைக்கும் பேசுது. அக்காவே முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிச்சு. நானும் மறுக்கலையே! தலையைக் குனிஞ்சு அடக்கமா ஏத்துக்கிட்டேன்.

பக்கத்துல நின்ன நிலா எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னா: "மரத்துல இதவிட ஜாஸ்தியா அழுதாரு."