முசியேயின் சனிக்கிழமை விரதம்

மனிதர்களில் இயற்கை உணவுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. முளைகட்டிய பயறும் பழமும் சாப்பிடுகிறவர் என்று அவசரப்பட்டு நினைத்துவிடாதீர்கள். அவர் சாப்பிடுவது பரோட்டாதான். இயற்கை உணவு அவருடைய நாய்க்கு.

இவரை அடையாளம் காண்பது சுலபம். "நாய் நல்லா இருக்கா சார்?" என்று மரியாதைக்கு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். நீங்கள் ஏற வேண்டிய பஸ் வரும், நிற்கும், போய்விடும். அவர் அப்போதுதான் நாயின் குடலை முடித்துக்கொண்டு பல்லுக்கு வந்திருப்பார். கடையில் விற்கும் நாய்த் தீனிப் பாக்கெட்டைப் பற்றி நீங்கள் வாய் தவறிச் சொல்லிவிட்டாலோ, பெற்ற பிள்ளைக்கு விஷம் வைத்தவரைப் பார்ப்பது போல உங்களைப் பார்ப்பார். "காட்டுல ஓநாய்க்கு யாரு சார் பிஸ்கட் வாங்கிக் குடுத்தா?" என்பார். இதற்கு என்ன பதில் சொல்வது? யாரும் வாங்கிக் கொடுத்ததாகத் தெரியவில்லையே!

காரைக்காலில் இந்த இனத்தின் அசல் வித்து கார்த்திகேசன். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளர். அவர் வளர்ப்பது காக்கை நிறத்தில் ஒரு நாட்டு நாய். பிரெஞ்சுக்காரர் ஆண்ட ஊரில் பெரியவர்கள் சிலர் இன்னமும் 'ஐயா' என்பதற்கு 'முசியே' என்கிறார்களே, அந்த மரியாதையையே அதற்குப் பெயராக வைத்துவிட்டார்.

விடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காரைக்கால்மேட்டுக்குப் போய், மீன் ஏலக் கூட்டத்துக்குள் முண்டியடித்து, ஒவ்வொரு மீனாகச் செவுளைத் தூக்கிப் பார்த்து, ஐஸ் படாத மீன்தானா என்று சத்தியம் வாங்காத குறையாக விசாரித்து, திரும்பும் வழியில் ஆட்டு ஈரலும் வாங்கி, வீட்டுக்கு வந்து பரங்கிக்காயைத் துருவி, முருங்கைக்கீரையை ஆய்ந்து, உப்பில்லாமல் எண்ணெயில்லாமல் எல்லாவற்றையும் பிசைந்து முசியேயின் கிண்ணத்தில் வைப்பார். மனைவி தேவிகாவுக்கு அன்று ரசம்.

ஒருநாள் மீன்காரம்மா கேட்டேவிட்டார்.

"பால் ஊறுறதுக்குப் பால்சுறாவா பாத்து வாங்குறீங்களே, வீட்டுல பிள்ளை பெத்துருக்காங்களா?"

"நாய்க்கும்மா."

"ஓ, நாய் குட்டி போட்டுருக்கா?"

"அது ஆண் நாய்மா."

அந்த அம்மா அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

வீட்டில் ஒரு பூனையும் இருந்தது. பரங்கிக்காய் பிசைந்த மீனை ஒரு தடவை முகர்ந்து பார்த்தது; அன்று மாலையே அடுத்த வீட்டு உம்மு சல்மாவிடம் குடிபோய்விட்டது. "சொந்தமா இரை தேடப் போயிருக்கு, இதுதான் இயற்கை" என்று கார்த்திகேசன் பெருமைப்பட்டார். இரை உம்மு சல்மாவின் மீன் குழம்புச் சட்டியில் இருந்தது. அதனால் என்ன?

ஆனால் முசியே வேறு ரகம். மற்ற நாட்களில் முகத்தைச் சுளித்துக்கொண்டாவது தின்றுவிடும். சனிக்கிழமை மட்டும் கிண்ணத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காது. சாதாரண மனிதனாக இருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். கார்த்திகேசனுக்குப் புல்லரித்தது.

"விரதம் இருக்குது தேவிகா! வயித்துக்கு அதுவே ஓய்வு குடுக்குது. இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லிக் குடுக்கலைங்க" என்றாள் பூண்டு உரித்துக்கொண்டிருந்த தேவிகா. தலையை நிமிர்த்தவில்லை.

விரதம் இருக்க இருக்க முசியே பெருத்துக்கொண்டே போனது. கால்நடை மருத்துவர் ஒரு கூட்டமே காத்திருக்கையில் உரக்கக் கேட்டார்: "எடை ஏறிக்கிட்டே போவுதே சார், வெளியில எதுவும் சாப்பிடுதா?" "அது தசை டாக்டர்" என்றார் கார்த்திகேசன். டாக்டர் சிரித்தார். அந்தச் சிரிப்பு இவரை அரித்துத் தின்றது. மானப் பிரச்சினை ஆகிவிட்டதல்லவா? நகரில் நடக்கவிருந்த நாய்க் கண்காட்சியில் அதே டாக்டர்தான் நடுவர் என்று கேள்விப்பட்டதும், மேடையில் பேச நேரம் கேட்டு வாங்கினார். கண்காட்சி சனிக்கிழமை. "விரத நாள் சார்! பன்னை வைப்பேன், தொடாது. வந்து பாருங்க" என்று அலுவலகம் முழுக்க அழைப்பு வைத்தார். இதில் தோற்றால் திங்கட்கிழமை எந்த முகத்தோடு நாற்காலியில் உட்காருவது?

அன்று காலை ஜவஹர் அலியின் டீக்கடையில் கிரீம் பன் ஒன்று வாங்கினார்.

"சனிக்கிழமை பன்னு வழக்கமா உங்க தெரு டீச்சரம்மால்ல வாங்குவாங்க?" என்றார் ஜவஹர் அலி. மேடைப் பேச்சை மனப்பாடம் செய்துகொண்டிருந்தவர் காதில் அது விழவில்லை.

மேடையில் ஓநாயில் தொடங்கி, குடலைக் கடந்து, பல்லில் முடித்தார். பிறகு பன்னைத் தட்டில் வைத்து முசியேயின் மூக்குக்கு நேரே வைத்தார். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. முசியே நிமிர்ந்து உட்கார்ந்தது. பன்னைப் பார்த்தது. கார்த்திகேசன் முகத்தைப் பார்த்தது. தொடவில்லை!

கைத்தட்டல் என்றால் அப்படியொரு கைத்தட்டல். டாக்டரே எழுந்து முன்னால் வந்துவிட்டார். கார்த்திகேசன் "எல்லாருக்கும் நன்றி" என்று தழுதழுத்து, கண்களை மூடி, கைகூப்பிக் கும்பிட்டார்.

கண்ணைத் திறந்தபோது பன் இல்லை.

தட்டையும் நக்கி முடித்த முசியே மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை மங்கையர்க்கரசியின் எதிரே போய் அதேபோல நிமிர்ந்து உட்கார்ந்தது. அவர் பழக்க தோஷத்தில் கும்பிட்டுவிட்டு, "அடடா, இன்னிக்கு இன்னும் வாங்கலையேப்பா" என்று நாயிடம் மன்னிப்புக் கேட்டார்.

"டீச்சர், என்ன இது?"

"எனக்கு அஷ்டமச் சனி தம்பி. சனிக்கிழமை கருப்பு நாய்க்கு எதாவது போடணும்னு ஜோசியர் சொன்னாரு. நம்ம தெருவுல வேற கருப்பு நாய் ஏது?"

"திருநள்ளாறு இந்தா இருக்கே!"

"சனிக்கிழமை அங்க வெளியூர்க் கூட்டத்துல நிக்க முடியுமா? நம்ம தெருவுக்கு முசியேதான்."

கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை பார்க்கும் எதிர்வீட்டு சோமுவும் எழுந்தான். "எனக்குக் கண்டகச் சனிண்ணே. பன்னு டீச்சரோடது, நான் தயிர்சாதம். ஒண்ணு சொல்லணும்ணே, கண்ண மூடிக் கும்பிட்டு முடிக்கிறவரைக்கும் வாய வைக்காது. மரியாதை தெரிஞ்ச புள்ள."

அரங்கமே சிரித்தது. டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சோமுவைத் தனியே அழைத்து, சனிக்கிழமை முசியேயிடம் எத்தனை மணிக்கு வந்தால் கூட்டம் இருக்காது என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

கார்த்திகேசன் வீட்டுக்கு வந்து குதித்தார். "நீயும் எதுவும் போட்டியா தேவிகா?"

"வடை போட்டேன்."

"யார கேட்டுப் போட்ட?"

"உங்களுக்குத்தாங்க ஏழரை நடக்குது. உங்க பேரச் சொல்லித்தான் போட்டேன். போன வருசம் கண்காணிப்பாளர் ஆனீங்களே, சும்மாவா?"

தன் திறமைக்குக் கிடைத்தது என்றல்லவா அவர் இத்தனை நாளும் நினைத்திருந்தார்! குரலைத் தாழ்த்தி, "ஏழரை எப்ப முடியுதாம்?" என்றார்.

அடுத்த சனிக்கிழமை கொல்லைப்புறத்தில், யாரும் பார்க்காத நேரத்தில், தன் கையாலேயே கம்பு மாவில் சுட்ட, சர்க்கரை போடாத ரொட்டி ஒன்றை முசியேயின் முன்னால் வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டார். திறந்தார். ரொட்டி அப்படியே இருந்தது. முசியே டீச்சர் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. மதில்மேல் உட்கார்ந்து பூனை வேடிக்கை பார்த்தது. அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சனியை நினைத்துப் பயமாக இருந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார்.

"கிரீம் பன்னு ஒண்ணு."

"நாய்க்கா சார்?" என்றார் ஜவஹர் அலி.

"எனக்கு" என்றார் கார்த்திகேசன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சந்தோஷம். ஆனால் இவ்வளவையும் படித்துவிட்டு, 'அதெல்லாம் இருக்கட்டும், பரங்கிக்காயைப் பச்சையாகப் போடுவதா, வேகவைத்தா?' என்ற கேள்வி உங்கள் மனதின் ஓரத்தில் எழுந்திருந்தால், தயவுசெய்து ஒரு காரியம் செய்யுங்கள். வருகிற சனிக்கிழமை உங்கள் நாயின் முன்னால் நின்று, கண்ணை மூடி, கைகூப்பிப் பாருங்கள். அது உடனே வாயைத் திறக்கிறதா? அப்படியென்றால் உங்கள் தெருவிலும் யாருக்கோ சனி நடக்கிறது.