வாய்ப்பூட்டு சாரும் அப்பாவின் காலும்

டெல்லியில் ரகசியம் என்று ஒன்று கிடையாது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தால், டிரைவர் பையா தன் மச்சான் வீட்டுச் சண்டையை இந்தியா கேட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுவார். எங்கள் பிளாக்கில் யார் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பது வரை காய்கறி வண்டிக்காரருக்குத் தெரியும். இப்பேர்ப்பட்ட ஊரில் ஒரு வார்த்தையை வெளியே விடாமல் வாழ்ந்து காட்டிய ஒரே பிறவி எங்கள் வாய்ப்பூட்டு சார்தான்.

நான் அப்போது ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பில் கவுன்டரில் இருந்தேன். அவர் அங்கே ஆராய்ச்சிப் பிரிவில் மருந்தாளுநர். திருநெல்வேலிக்காரர். வாய்ப்பூட்டு என்பது தமிழ்க்காரர்கள் வைத்த பெயர். ஹிந்திக்காரர்கள் தாலாஜி என்றார்கள். அதற்கும் பூட்டு என்றுதான் அர்த்தம்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது, உத்தியோகம் அப்படி. புது மருந்தைச் சோதிக்கும்போது நோயாளிகளில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரையும், மீதிப் பேருக்கு அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் மாவு மாத்திரையும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு முடிவு செய்யும். விழுங்குகிறவருக்கும் தெரியாது, எழுதிக் கொடுக்கிற டாக்டருக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாய்ந்து சோதனையே கெட்டுப்போகும். ஆஸ்பத்திரியில் அது தெரிந்த ஒரே ஆள், கடைசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு டப்பா கட்டும் நம்மவர்தான்.

வேலையில் விழுந்த பூட்டு மெல்ல மெல்ல மனுஷன் முழுக்க விழுந்துவிட்டது. கேன்டீனில் டீயா காபியா என்று கேட்டால் "ஏதாவது" என்பார். மணி கேட்டால் சுவர்க் கடிகாரத்தைக் கை காட்டுவார். தேர்தலன்று சாயங்காலம்வரை இடது கையைப் பாக்கெட்டிலிருந்து எடுக்கவே இல்லை. யாருக்கு ஓட்டுப் போட்டார் என்பதை விடுங்கள், போட்டாரா என்பதே ரகசியம். பதவி உயர்வு வந்ததை வீட்டில்கூடச் சொல்லவில்லை. பஸ் ஸ்டாப்பில் நான் வாழ்த்துச் சொன்னபோதுதான் பக்கத்தில் நின்ற அவர் மனைவிக்கே விஷயம் தெரிந்தது. அந்த அம்மாள் அவரை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அப்பப்பா.

ஒரு நாள் வராந்தாவில் எதிரே வந்த பஞ்சாபி அம்மாள் ஒருத்தியைப் பார்த்து மரியாதைக்குச் சிரித்துத் தொலைத்துவிட்டார். தாலாஜியே சிரித்துவிட்டார், அப்படியானால் எனக்கு அசல் மாத்திரைதான் என்று அந்த அம்மாள் ஊருக்கெல்லாம் லட்டு கொடுத்தாள். பெரிய டாக்டர் இவரைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். மறுநாள் முதல் வாய்ப்பூட்டு, கண் மட்டும் தெரியும்படி குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு வர ஆரம்பித்தார். மே மாதத்து டெல்லியில்! கேட்டில் காவலாளி தினமும் நிறுத்தி, குல்லாயைக் கழற்றச் சொல்லி, ஆள் அவர்தானா என்று பார்த்துத்தான் உள்ளே விடுவார்.

எங்கள் அப்பாவும் திருநெல்வேலிதான். மத்திய சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஜனக்புரியில் எங்களோடு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை என்றால் வாய்ப்பூட்டு எங்கள் வீட்டில் ஆஜர். அம்மா வைக்கும் சொதியும் இஞ்சித் துவையலும் சாப்பிட்டுவிட்டு, அப்பாவோடு கேரம் ஆடுவார். பேச்சு முழுக்க அப்பாவுடையது, காய் முழுக்க அவருடையது. இருவருக்கும் அதில் பரம திருப்தி.

அப்பாவுக்குச் சர்க்கரை நோய். அதனால் பாதத்தில் எரிச்சல் வந்தது. ஜனவரிக் குளிரில் ஊரே ரஜாய்ப் போர்வைக்குள் சுருண்டு கிடக்க, அப்பா மட்டும் மொசைக் தரையில் காலைத் தேய்த்துக்கொண்டு தூங்காமல் உட்கார்ந்திருப்பார். அந்த எரிச்சலுக்கு எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஒரு புது மாத்திரையைச் சோதிக்கிறார்கள் என்று தெரிந்ததும் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், மருந்து நல்லது என்று தெரிந்தால் மாவு சாப்பிட்டவர்களுக்கும் பிறகு அசல் தருவோம் என்றெல்லாம் டாக்டர் விளக்கினார். எதுவும் அப்பாவின் காதில் ஏறவில்லை. உள்ளே நம்ம ஆள் இருக்கிறார், நமக்கு அசல்தான் வரும் என்பது அவர் கணக்கு. ரயில் டிக்கெட் முதல் கேஸ் கனெக்‌ஷன் வரை சிபாரிசிலேயே வாங்கிப் பழகிய மனுஷன் வேறு எப்படி நினைப்பார்?

அதோடு வாய்ப்பூட்டு எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். போன் செய்தால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுவார். அம்மா சொதியை வைத்துக்கொண்டு வாசலைப் பார்ப்பாள். மாதங்கள் போயின, எரிச்சல் போகவில்லை. இத்தனை வருஷம் நம் வீட்டில் சாப்பிட்டவர், மனசு வைத்தால் ஒரு நல்ல டப்பாவை மாற்றிக் கொடுக்க முடியாதா என்று அம்மா பொரிந்து தள்ளினாள். எனக்கும் அதே கோபம்தான். ஆஸ்பத்திரியில் அவரைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

ஒரு நாள் அப்பா பொறுக்க முடியாமல், மருந்து கொடுக்கும் ஜன்னலில் அவரை மடக்கினார். நானும் கூட நின்றேன்.

"என்னவே, எனக்குக் குடுக்கது மருந்தா, மாவா? ஒத்த வார்த்தை சொல்லும்."

"நேரத்துக்குச் சாப்பிடுங்க அண்ணாச்சி."

"அப்போ விட்டுரட்டுமா?"

"அது உங்க இஷ்டம். எப்ப வேணாலும் விடலாம். ஏன்னு ஒருத்தரும் கேக்க முடியாது."

அப்பா குனிந்து அவர் கண்ணையே உற்றுப் பார்த்தார். வாய்ப்பூட்டு சட்டென்று குல்லாயைக் கண்ணுக்கும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார். கண் தெரியாமலே தடவித் தடவி டப்பாவை நீட்டினார். அன்றைக்கே விலகியிருக்கலாம். ஆனால் அப்பாவுக்கு வீம்பு வந்துவிட்டது. இவன் வாயைத் திறக்கும்வரை நான் விடப்போவதில்லை என்று கடைசிவரை அந்த மாத்திரையை விழுங்கினார்.

ஒருவழியாகச் சோதனை முடிந்து, யாருக்கு எது என்ற விவரம் வெளியானது. மருந்து நல்ல மருந்துதான் என்று தெரிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வாசல் மணி அடித்தது. கதவைத் திறந்தால் வாய்ப்பூட்டு. தலையில் குல்லாய் இல்லை. வாங்க என்று சொல்லாமல் நான் வழியை மட்டும் விட்டேன்.

நின்றபடியே சொன்னார். "அண்ணாச்சி, உங்களுக்குக் குடுத்தது பூராவும் மாவு. முத டப்பாலேருந்தே. என் கையாலதான் கெட்டுனேன்."

அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

"தெரிஞ்சே கெட்டுனீரா?" என்றார் அப்பா.

"தெரிஞ்சேதான். உங்க வீட்டுச் சோத்தத் தின்னுட்டு, நீங்க கால தேய்க்கதப் பாத்துட்டு, வாய மூடிட்டு இருக்க என்னால முடியாது அண்ணாச்சி. அதான் வரல. மாவு தின்னவங்களுக்கு எரிச்சல் அப்படியே இருந்ததாலதான், மத்தவங்களுக்குக் கொறஞ்சது மருந்தாலன்னு தெரிஞ்சுது. உங்க கால வச்சுத்தான் அது மருந்துன்னே தெரியும்."

அப்பா தன் இரண்டு பாதங்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம், "அப்போ மருந்து கண்டுபிடிச்சதுல எனக்கும் பங்கு உண்டும்ங்கீரு. உட்காரும்வே, சாப்பிடலாம்" என்றார்.

சொன்னபடி அப்பாவுக்கு அசல் மாத்திரை கிடைத்ததும், எரிச்சல் மட்டுப்பட்டதும், கேட்டவர் கேளாதவர் எல்லோரிடமும் தன் காலின் பெருமையை அளந்ததும் பிற்பாடு. அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்தது வேறு. சாப்பிட்டுக் கை கழுவி வந்த வாய்ப்பூட்டு பேச ஆரம்பித்தார். தனக்கு டீயே பிடிக்காதாம், காபிதானாம். ஓட்டுப் போட்டாராம். யாருக்கு என்பதையும் சொன்னார். அப்பாவின் டப்பாவைக் கட்டும் நாளில் டிபன் கேரியரைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவாராம். ஏன் என்று மனைவி கேட்டால், அவளிடமும் சொல்ல முடியாதாம். அம்மா கேட்காமலே காபி கலந்துகொண்டு வந்து வைத்தாள்.

விளக்கு வைக்கிற நேரம்வரை பேசினார். அப்பா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன் என்று அவர் எழுந்தபோது, "இன்னும் கொஞ்ச நேரம் இருந்து பேசிட்டுப் போங்க சார்" என்று சொன்னது நான்தான்.