விஜயரத்தினத்துக்கு ஒரு சோடிக் கையுறை

கேற்றைத் தாண்டுவதற்குள் செயின் கழன்று விழுந்தது. விஜயரத்தினம் சைக்கிளை விட்டு இறங்கிக் குனிந்து செயினைத் தொட்டார். தொட்ட விரல் தன்னுடையதுதானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. குவேக்கர்ஸ் ஹில்லில் ஜூலைதான் நடுக்குளிர்காலம், விடியற்காலை அப்படித்தான் இருக்கும். புல்லெல்லாம் வெள்ளை பூத்துக் கிடந்தது. இரும்பெல்லாம் கடித்தது.

"என்னப்பா, கழண்டிட்டுதோ?" குசினி ஜன்னலுக்குள்ளிருந்து மனைவி நாகபூசணியின் குரல் வந்தது.

"ஓம்."

"அப்ப பூட்டிப்போட்டு வந்து கையைக் கழுவுங்கோ. தேத்தண்ணி கிடக்கு. குடிச்சிட்டுப் போகலாம்."

இது முதல் நாள் இல்லை. சைக்கிள் வீட்டுக்கு வந்ததிலிருந்தே இதே கதைதான்.

விஜயரத்தினத்துக்கு பிளாக்டவுன் பக்கம் பாணும் பணிசும் சுடுகிற ஒரு பேக்கரித் தொழிற்சாலையில் வேலை. வீட்டில் இருப்பது ஒரே கார். நாகபூசணிக்கு முதியோர் இல்லத்தில் பின்னேர ஷிஃப்ட் என்பதால் கார் அவளுக்கு வேண்டும். ஆகவே பல வருடங்களாக விடிய எழுந்து, படுக்கிற உடுப்புக்கு மேலே ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு, அவளே அவரைத் தொழிற்சாலை வாசலில் இறக்கிவிட்டு வந்தாள். பத்து நிமிடப் பயணம். சொந்தக்காரர் வம்பு, பிள்ளையின் வேலை, மீன் விற்கிற விலை எல்லாம் அந்தப் பத்து நிமிடத்துக்குள்தான் பேசி முடியும். இரவு அவள் வேலையால் வரும்போது அவர் குறட்டையில் இருப்பார்.

இப்படி இருந்த மனுசன் ஒருநாள் ஒரு பழைய சைக்கிளோடு வந்து நின்றார். கறுப்பு நிறம், நேர் ஹாண்டில், பின்னால் கரியர். இருபது வயதில் யாழ்ப்பாணத்தில் ஓடித் திரிந்த சைக்கிளுக்கு உடன்பிறப்பு மாதிரி இருந்தது. அதைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. மணியை இரண்டு தரம் அடித்துப் பார்த்தார்.

"இனி நீர் விடிய எழும்பத் தேவையில்லை. ஆறுதலா நித்திரை கொள்ளும்," என்று பெருந்தன்மையோடு அறிவித்தார்.

நன்றி கிடைக்கும் என்று எதிர்பார்த்தார். நாகபூசணி சைக்கிளை மேலும் கீழும் பார்த்தாள்.

"குளிருக்கை இதிலை போகப் போறியளோ? சரி போங்கோ. ஆனா இந்தக் குளிர் முடியிறதுக்குள்ள ஒருநாள் என்னட்டை வந்து 'காரிலை கொண்டுபோய் விடும்' எண்டு கேட்டியளோ, கவுன்சில்காரர் பெரிய குப்பை எடுக்க வரேக்கை இது ரோட்டிலை நிக்கும்."

"கேக்க மாட்டன்."

"பாப்பம்."

சொன்னால் செய்கிறவள் அவள். போன வருடம் அவருடைய சாய்மனைக் கதிரை அப்படித்தான் போனது.

அவருக்கு அது வெறும் சைக்கிள் இல்லை. பெற்றோலைக் கண்ணால் காண முடியாத காலத்தில் யாழ்ப்பாணத்தில் கலியாண வீடு, செத்த வீடு, காதல் எல்லாமே சைக்கிளில்தான் நடந்தன. நாகபூசணி ரியூசனுக்குச் சைக்கிளில் போவாள். கரியரில் அவளுடைய தங்கை சுலக்சனா, இரட்டைப் பின்னலும், கோடு போடுகிற அடிமட்டம் நீட்டிக்கொண்டிருக்கும் புத்தகப் பையுமாக நந்தி மாதிரிக் குந்தியிருப்பாள். விஜயரத்தினம் கொஞ்சத் தூரம் விட்டுப் பின்னால் வருவார். வாயைத் திறந்து ஒரு சொல் கேட்கத் துணிவு கிடையாது. ஆனால் கடவுள் இருந்தார். அவருடைய வீட்டுக்குப் போகிற ஒழுங்கை முகப்புக்கு வந்தால் போதும், அவளுடைய செயின் கழன்றுவிடும்.

கழன்றால் பூட்டிவிட ஒருவர் வேண்டாமா? அவர் பூட்டிவிட்டார். அடுத்த கிழமையும் கழன்றது, அடுத்த கிழமையும் பூட்டிவிட்டார். இப்படிப் பூட்டிப் பூட்டியே தாலி வரைக்கும் வந்துவிட்டார். "இந்தக் கையாலைதான் இவவைப் பிடிச்சனான்," என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். நாகபூசணி பலகாரத் தட்டை நீட்டுவாள்.

அந்தக் கைதான் இப்போது விறைத்துப்போய்க் கிடந்தது.

முதலில் மலிவுக் கடையில் ஒரு சோடிக் கம்பளிக் கையுறை வாங்கினார். நல்ல கடும் நீலம். விலையைக் கேட்டாலே மனம் குளிரும், அவ்வளவு மலிவு. அடுத்த நாள் கேற்றடியில் வழக்கம்போலச் செயின் கழன்றது. கையுறையோடேயே பூட்டப் போனார். கம்பளி நூல் பற்சில்லில் சிக்கி, சுட்டுவிரல் இருந்த இடத்தில் ஓட்டை விழுந்தது. போகும் வழியில் மழையும் பிடித்துக்கொண்டது.

தொழிற்சாலையில் கையுறையைக் கழற்றியபோது அவர் கைகள் மணிக்கட்டு வரை நீலம் பாரித்திருந்தன. பக்கத்தில் நின்ற சூப்பர்வைசர் பெண்மணி கண்டுவிட்டாள். உடம்பில் இரத்த ஓட்டம் நின்றுபோய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். அவர் "சாயம், சாயம்" என்று தமிழில் சொல்லச் சொல்ல, இரண்டு பேர் பிடித்துக் கதிரையில் இருத்தி, வெள்ளி நிறத் தாள் ஒன்றால் இறைச்சிப் பொரியலைச் சுற்றுவதுபோலச் சுற்றிவிட்டார்கள். வீட்டுக்கும் போன் போனது.

நாகபூசணி போட்டது போட்டபடி காரில் பறந்து வந்தாள். மூச்சு வாங்க வந்து நின்று, அவர் கையைத் தூக்கிப் பார்த்தாள். பிறகு கைக்குட்டையின் ஓரத்தை நனைத்து ஒரு இழுப்பு இழுத்தாள். கைக்குட்டை நீலமானது.

"வீட்டை வாங்கோ," என்றாள்.

வழி நெடுக அவர் சட்டம் பேசினார். "நான் காரைக் கேக்கேல்லை. கார் தானா வந்தது. இது கணக்கிலை சேராது."

"சேராது," என்றாள் அவள். ஆச்சரியமாக, கோபிக்கவே இல்லை. வழியில் நிறுத்திச் சூடாக ரோல்ஸ் வேறு வாங்கித் தந்தாள்.

அடுத்தது தருமத்துக்குப் பழைய சாமான் விற்கிற கடையில் எடுத்த கையுறை. பனிமலையில் சறுக்கி விளையாடுகிறவர்கள் போடுவது. சூடு என்றால் அப்படி ஒரு சூடு. ஆனால் ஒவ்வொரு விரலும் கதலி வாழைப்பழத் தடிப்பில் இருந்தது. அதோடு செயினைப் பூட்ட முடியவில்லை என்று ஒன்றைக் கழற்றித் தோளில் போட்டார், அது எங்கேயோ விழுந்துவிட்டது. மிச்சம் இருந்த ஒன்றோடு ரோட்டில் இறங்கினால், அந்தக் கையால் பிரேக் பிடிபடவில்லை. பக்கத்து வீட்டுக் குப்பைத் தொட்டி பிடித்து நிறுத்தியது.

மூன்றாவது யோசனை அவருடைய சொந்த மூளையில் உதித்தது. பழைய காலுறையைக் கையில் மாட்டி, அதற்கு மேலே குசினியில் சட்டி பானை கழுவுகிற மஞ்சள் றப்பர் கையுறையைப் போட்டார். காற்றுப் புகாது, மழை புகாது, காசும் இல்லை. சிக்னலில் காத்து நின்றபோது பக்கத்துக் காரில் இருந்த குழந்தை கைகாட்டியது. இவரும் மஞ்சள் கையை ஆட்டினார். எல்லாம் நன்றாகத்தான் போனது. ஆனால் செயின் பூட்டிய கிறீஸ் கையுறையில் இருந்ததை மறந்து பின்னேரம் கழுவு தொட்டியில் போட்டுவிட்டார். மறுநாள் விடிய நாகபூசணி வழக்குக்கு நின்றாள்.

"கோப்பையெல்லாம் கறுப்பு. இஞ்ச பாருங்கோ, சோத்து அகப்பைக் காம்பிலையும் கிறீஸ்."

"அகப்பையை நான் தொடேல்லையே."

"அப்ப நானே சைக்கிள் ஓடுறன்?"

அவர் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார். எதிர்க் கதிரையில் அவளும் கோப்பையோடு இருந்தாள். திட்டி முடித்ததும் சுலக்சனா போன் எடுத்த கதையைச் சொன்னாள். அவர் தன் சூப்பர்வைசர் இன்னமும் கையைப் பிடித்துப் பார்த்துத்தான் உள்ளே விடுகிறாள் என்று சொன்னார். இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். அன்றைக்கும் வேலைக்குப் பிந்தித்தான் போனார்.

சனிக்கிழமை சைக்கிளை உருட்டிக்கொண்டு ஒரு சைக்கிள் கடைக்குப் போனார். அங்கே நின்ற பெண்ணின் சட்டையில் ஹரிப்பிரியா என்று எழுதியிருந்தது.

"தமிழோ பிள்ளை?"

"ஆமா அங்கிள், திருச்சி. சொல்லுங்க, என்ன வேணும்?"

"குளிருக்குக் கையுறை. சூடாயும் இருக்கவேணும், மலிவாயும் இருக்கவேணும், போட்டுக்கொண்டே செயின் பூட்டவும் ஏலவேணும்."

அவள் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கையுறைகளின் விலையைக் காட்டினாள். அவர் சைக்கிளை வாங்கிய விலையைச் சொன்னார். அவள் அக்கம் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இதெல்லாம் உங்களுக்கு வேணாம் அங்கிள். வேலைக்குப் போடுற பூட்ஸ், ஹெல்மெட் எல்லாம் விக்கிற கடைக்குப் போங்க. ஐஸ் கிடங்குல வேலை செய்றவங்க போடுற கிளவுஸ்னு கேளுங்க. உள்ள பஞ்சு மாதிரி இருக்கும், உள்ளங்கையில ரப்பர் பூசியிருக்கும். விலை ரொம்பக் கம்மி. விரலை நல்லா மடக்க வருதான்னு போட்டுப் பாத்து, கொஞ்சம் லூசா வாங்குங்க. இறுக்கமா இருந்தா விரல் விறைக்கும்."

"நல்லா இருப்பாய் பிள்ளை."

"செயின் எங்க கழலுது?" அவள் குனிந்து பெடலைச் சுற்றிப் பார்த்தாள். முன்னால் சுற்றினாள், பின்னால் சுற்றினாள். "அங்கிள், இதுல ஒரு குறையும் இல்லியே. நல்லா டைட்டா இருக்கு. இது தானா கழலாது."

விஜயரத்தினம் இரக்கத்தோடு சிரித்தார். "பிள்ளை, நீர் பிறக்க முதலே நான் செயின் பூட்டினவன். செயின் எண்டால் கழரும்."

அந்த ஐஸ் கிடங்குக் கையுறை அற்புதமாக அமைந்தது. திங்கட்கிழமை செயின் கழன்றது. இறங்கினார், கையுறையோடேயே ஒரே இழுவையில் பூட்டினார், ஏறினார். கையும் சுத்தம், உள்ளே கதகதப்பு.

"என்னப்பா, கை கழுவேல்லையோ?"

"தேவையில்லை. நான் போயிட்டு வாறன்."

தெருமுனை திரும்பும்போது பார்த்தார். ஜன்னலில் நாகபூசணி அப்படியே நின்றாள். வேலைக்கு அன்று நேரத்துக்கே போய்விட்டார். சூப்பர்வைசர் பாராட்டினாள். ஆனாலும் என்னவோ ஒன்றை வீட்டில் மறந்துவிட்டு வந்தது போலவே பகல் முழுவதும் அவருக்கு இருந்தது. சாப்பாட்டுப் பெட்டியைப் பார்த்தார், இருந்தது. கதவுத் திறப்பும் சட்டைப் பையில் இருந்தது. என்னவென்று பிடிபடவில்லை.

புதன்கிழமை விடியக் கையுறையைக் காணவில்லை.

"என்ரை கிளவுஸ் எங்கை?"

"எனக்கென்ன தெரியும்? வைச்ச இடத்திலை பாருங்கோ."

வைத்த இடத்தில் இல்லை. வெறுங்கையோடு போனார். கேற்றடியில் செயின் கழன்றது. விறைத்த கையை உதறிக்கொண்டு உள்ளே வந்தால் தேத்தண்ணி ஆவி பறக்க மேசையில் இருந்தது. அதற்குப் பக்கத்தில் ஒரு தட்டில் ஏலக்காய் போட்ட பணியாரமும் இருந்தது. விடியற்காலையில் யாராவது பணியாரம் சுடுவார்களா என்று அவர் யோசிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லி இன்னொன்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை அரிசி எடுக்கப் போனவர் கை அரிசிச் சாக்குக்குள் எதிலோ தட்டியது. ஐஸ் கிடங்குக் கையுறை இரண்டும் பத்திரமாக மடித்து உள்ளே கிடந்தன.

இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? பெரிய குப்பை எடுக்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கை விறைத்து, வாய் விட்டுக் காரைக் கேட்கட்டும் என்று காத்திருக்கிறாள். முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள், எந்தச் சைக்கிளில் தன் வாழ்க்கையே தொடங்கியதோ அதன் உடன்பிறப்பைக் குப்பைக்கு அனுப்பச் சதி செய்கிறாள்.

நாகபூசணி கோயிலுக்குப் போயிருந்தாள். நியாயம் கேட்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தது. மெல்பேர்னில் ரோவில் என்ற இடத்தில் இருக்கிற சுலக்சனாவை வீடியோவில் கூப்பிட்டார். இரட்டைப் பின்னல் போய் நரை வந்திருந்தது. ஆனால் அதே நந்திப் பார்வை.

"சுலா, உன்ரை கொக்கா செய்யிற வேலையைக் கேள். அருமந்த கிளவுஸை அரிசிச் சாக்குக்கை ஒளிச்சு வைச்சிருக்கிறா. எப்பிடியாவது இந்தச் சைக்கிளை எறிஞ்சுபோட வேணுமாம்."

"ஏன் அத்தான், அக்காவுக்குச் சைக்கிள் எண்டால் விருப்பம்தானே."

"விருப்பமோ? ஆளைத் தேத்தண்ணி குடிக்கப் பண்ணி மினக்கெடுத்திறதிலைதான் விருப்பம். அதுக்குத் தோதா இந்தச் செயினும் கிடக்கு. கடைக்காரப் பிள்ளை ஒரு குறையுமில்லை எண்டுது. ஆனா விடியக்காலமை வெளிக்கிட்டால் சொல்லிவைச்ச மாதிரிக் கேற்றடியிலை கழருது. எங்கட ஒழுங்கை முகப்பிலை கழருமே, ஞாபகம் இருக்கோ? அச்சொட்டா அதே மாதிரி."

திரையில் சுலக்சனா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு அடங்கியதும் கேட்டாள்:

"அந்த நாளையிலை உங்கட ஒழுங்கையடிக்கு வந்தோடனை என்ரை அடிமட்டத்தை வாங்கித்தான் தட்டிவிடுறவ, இப்ப அக்கா எதாலை அத்தான் கழட்டுறவ?"