நாலாம் நம்பர் பை

"மின்சார பில்லோட போயிடுச்சா?" என்று வெர்லின் டாலஃப்சன் மூன்றாவது தடவையாகக் கேட்டார்.

"போயிடுச்சுன்னா போயிடுச்சுதான். நீ திரும்பத் திரும்பக் கேட்டா தபால் பெட்டியிலேர்ந்து எழுந்து வந்துடுமா?" என்றாள் அவர் மனைவி டார்லிஸ்.

வெர்லின் தலையில் கைவைத்துக்கொண்டு கேரேஜில் உட்கார்ந்துவிட்டார். மேசைமேல் ஒரு குறி அட்டை கிடந்தது. அதில் பத்து ஓட்டைகள். பத்தையும் ஒரு ஜாம் பாட்டில் மூடியால் மூடிவிடலாம். இருபத்தைந்து கஜ தூரத்திலிருந்து, அவருடைய கிழட்டுக் கைத்துப்பாக்கியில், இப்படி ஒரு அதிசயம் பதினோரு வருஷத்தில் நடந்ததே இல்லை. அட்டையைக் கழற்றி எடுத்துவந்ததும் அதன் மூலையில் அவர் கையாலேயே பெரிதாக '4' என்று எழுதியிருந்தார்.

ஆனால் நாலாம் நம்பர் பையில் இருந்தது எந்தப் பொடி? அதுதான் ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வெர்லினுக்கு வார நாட்களில் தானியக் கிடங்கில் கோதுமை லாரிகளை எடை போடும் வேலை. வார இறுதியில் அதே மனிதர், கேரேஜில் மூச்சை அடக்கிக்கொண்டு, ஒரு குட்டித் தராசில் துப்பாக்கிப் பொடியை எடை போட்டுத் தன் தோட்டாக்களைத் தானே செய்துகொள்வார். தும்மல் வந்தால் எழுந்து வாசலுக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார். ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒத்துப்போகிற பொடி ஒன்று உண்டு, அதைக் கண்டுபிடித்துவிட்டால் குண்டுகள் ஒரே இடத்தில் போய் விழும் என்பது அவர் நம்பிக்கை.

போன வருஷம் தனக்குப் பிடித்த பொடிக்குத் தானே ஓரவஞ்சனையாக மதிப்பெண் போட்டுவிட்டார் என்று அவருக்குச் சந்தேகம். அதனால் இந்த வருஷம் பரீட்சையை முறைப்படி நடத்தினார். நான்கு பொடிகளில் பத்துப் பத்துத் தோட்டா செய்து டார்லிஸ் கையில் கொடுத்தார். "நாலு பையில போட்டு நம்பர் எழுது. எது எந்தப் பொடின்னு எனக்குத் தெரியக்கூடாது. நீ மட்டும் குறிச்சு வச்சுக்கோ" என்று சொல்லியிருந்தார்.

அவளும் பொறுப்பாகக் குறித்துவைத்தாள், கைக்கு அகப்பட்ட ஒரு கவரின் பின்பக்கத்தில். சனிக்கிழமை காலை அவர் மைதானத்தில் சுட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அதே கவருக்குள் காசோலையை வைத்து ஒட்டி, மின்சாரக் கூட்டுறவு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள்.

"ஒரு பேராவது ஞாபகம் இல்லையா?"

"எல்லாப் பேரும் எலி மருந்துப் பேரு மாதிரியே இருக்கு. நான் எதைன்னு ஞாபகம் வச்சுக்கிறது?"

வெறும் ஆசைக்காக அவர் இப்படித் தவிக்கவில்லை. பந்தயம் வேறு இருந்தது. வடக்கு டகோட்டாவில் பனிக்காலம் வந்தால் காரை வெளியே நிறுத்துவது என்பது காருக்கும் கொடுமை, மனுஷனுக்கும் கொடுமை. அந்த வீட்டுக் கேரேஜில் டார்லிஸின் கார் நிற்கவேண்டிய இடத்தில்தான் வெர்லினின் தோட்டா மேசை நின்றது. பதினான்கு பனிக்காலம், தினமும் காலையில் கார்க் கண்ணாடியிலிருந்து ஐஸைச் சுரண்டிச் சுரண்டி அவளுக்குத் தோள்பட்டையே இறங்கிவிட்டது. கடைசியில் சொல்லிவிட்டாள்: "அடுத்த சனிக்கிழமை துப்பாக்கி கிளப் போட்டியில முதல் மூணு இடத்துக்குள்ள ஒரு கோப்பை கொண்டு வா. இல்லைன்னா மேசை வெளியே, என் கார் உள்ளே."

வெர்லின் பதினோரு வருஷமாக எந்தக் கிளப் போட்டியிலும் முந்நூறுக்கு இருநூற்றைம்பதைத் தாண்டியதில்லை.

மறுபடி சோதித்துப் பார்க்கலாமே என்றால் அதற்கும் வழியில்லை. சனிக்கிழமை அவர் சுட்டபோது துப்பாக்கியை ஆடாமல் அசையாமல் கவ்விப் பிடித்த இரும்புப் பிடி கிளப்பில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஞாயிற்றுக்கிழமை அடுத்த மாவட்டத்துக்கு இரவல் போய்விட்டது. வர மாசக் கடைசி ஆகும்.

ஆகவே திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வெர்லின் மின்சார அலுவலகத்துக்குப் போன் போட்டார்.

"எங்க வீட்டுலேர்ந்து ஒரு கவர் வந்திருக்கும். பிரிச்சுட்டீங்களா?"

"இப்பதாங்க பிரிச்சோம்" என்றது ஒரு பெண் குரல்.

"ஐயையோ! அதுக்குள்ள பிரிச்சுட்டீங்களா? கவரைத் தூக்கிப் போட்டுடாதீங்க. அந்தப் பொடி விஷயம் ரொம்ப முக்கியம்."

"பொடியா?"

"ஆமாம்மா. நாலு பொடி. அதுல எது பயங்கரமான பொடின்னு எனக்கு உடனே தெரிஞ்சாகணும்."

மறுமுனையில் நாற்காலி ஒன்று விழும் சத்தம் மட்டும் கேட்டது.

கால் மணி நேரத்தில் மின்சார அலுவலகத்தில் வேலை பார்க்கும் பதினான்கு பேரும், தபாலில் விஷப் பொடி வந்துவிட்டது என்று பயந்து, கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு குளிரில் கார் நிறுத்துமிடத்தில் நின்றார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. முகமூடி போட்ட இரண்டு பேர், அன்று வந்த கவர்கள் அத்தனையையும் மூன்றடுக்கு பிளாஸ்டிக் பையில் கட்டி, பிஸ்மார்க் நகரத்துச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பிவைத்தார்கள்.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, வெர்லின் வீட்டு வாசலில் போலீஸ் வண்டி நின்றது. உள்ளே வந்தவன் டரன் வெட்ஸல். சின்ன வயசு, ஆனால் சட்டையில் நட்சத்திரம் இருக்கும் வரை மகா விறைப்பு.

"வெர்லின், அந்தக் கவருக்குள்ள என்ன பொடி வச்சீங்க?"

"உள்ளே ஒண்ணும் இல்லப்பா! பின்னால எழுதித்தான் இருக்கு!" என்று அழாத குறையாக ஆரம்பித்து, முழுக் கதையையும் சொல்லி முடித்தார் வெர்லின். "கவர் எப்ப திரும்பக் கிடைக்கும்?"

"ஆறு வாரம் ஆகும். அவசரம்னா எட்டு."

டரன் கைப்புத்தகத்தை மூடினான். அப்போதுதான் மேசைமேல் கிடந்த அட்டை அவன் கண்ணில் பட்டது. அவனும் கிளப்பில் சுடுகிறவன்தான். விறைப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"அடேங்கப்பா! இது உங்க துப்பாக்கியா? எந்தப் பொடி?"

"அதைக் கேட்கத்தானய்யா போன் பண்ணினேன்!"

டரன் கண்ணைச் சிமிட்டினான். "சரி சரி, சொல்ல மனசில்லைன்னா விடுங்க. நானா இருந்தாலும் சொல்லமாட்டேன்."

ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மத்தியானத்துக்குள், வெர்லின் ஒரு அதிசயப் பொடி கண்டுபிடித்திருக்கிறார், அதை மறைக்கக் கவர் கதை கட்டுகிறார், அரசாங்கமே அதைச் சோதனைக்கு எடுத்துப்போயிருக்கிறது என்று செய்தி பரவிவிட்டது. மாலையில் கேரேஜ் வாசலில் ஏழு பேர் நின்றார்கள்.

தெரியாது என்று சொன்னால் யாரும் நம்பவில்லை. நம்பாதவர்களிடம் மாரடித்துச் சலித்துப்போன வெர்லின், கடைசியில் "ரகசியம்" என்று சொல்லிப் பார்த்தார். அதை எல்லோரும் உடனே நம்பினார்கள். சொல்லவும் நன்றாகத்தான் இருந்தது. தானியக் கிடங்கில் இருபது வருஷமாக அவரிடம் கோதுமை ஈரத்தைத் தவிர வேறெதுவும் கேட்டிராத லாரி டிரைவர்கள், இப்போது தொப்பியைக் கழற்றிவிட்டுப் பேசினார்கள்.

ஆர்டித் குவாமியும் போன் செய்தார். எழுபத்துநாலு வயசுக் கிழவி, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். எட்டு வருஷமாக முதல் கோப்பை அவருடையதுதான். சனிக்கிழமை வெர்லினுக்குப் பக்கத்துத் தடத்தில்தான் அவரும் பயிற்சி செய்தார்.

"வெர்லின், அந்த அட்டை விஷயமா உன்கிட்ட ஒண்ணு…"

"ஆர்டித், நீங்களுமா? உங்களுக்கே பொடி ரகசியம் வேணுமா? மன்னிச்சுக்கோங்க, போட்டி முடியட்டும்!" என்று பெருமை பொங்கப் போனை வைத்தார்.

மறுநாள் பழைய டப்பாக்களைத் திறந்து பார்த்தால், நாலிலும் தலைக்கு ஒரு பிடிகூட மிச்சமில்லை. போட்டிக்கு முப்பது தோட்டா செய்யவேண்டும். துப்பாக்கிச் சாமானும் தூண்டிலும் விற்கும் மிலோவின் கடைக்குப் போனார். அவர் பின்னாலேயே ஒன்பது பேர் கடைக்குள் வந்து, தூண்டில் பார்க்கிற பாவனையில் நின்றார்கள். வெர்லின் சிவப்பு மூடி டப்பாவைத் தொட்டார். ஒன்பது கைகள் நீண்டன, அந்த அலமாரித் தட்டு காலி. அவர்களை ஏமாற்றலாம் என்று நீல மூடிப்பக்கம் போனார். அதுவும் காலி. கறுப்பு மூடியை ஏறிட்டுத்தான் பார்த்தார். அதற்கே இரண்டு பேர் மல்லுக்கு நின்றார்கள்.

மிலோ அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "வெர்லின், நீ தெய்வம்! ஒரு மாசச் சரக்கு அரை மணியில போச்சு. இந்தா, பச்சை மூடி ஒண்ணு கல்லாவுக்கு அடியில கிடக்கு. சும்மா எடுத்துட்டுப் போ. அந்த அட்டையைக் கொஞ்சம் குடு, கிளப் சுவத்துல மாட்டணும்."

இப்படியாக, அவர் கையில் மிஞ்சியது பச்சை மூடி. அவருடைய நாலு பொடிகளில் அதுவும் ஒன்றுதான். ஆனால் நாலாம் நம்பர் அதுதானா?

புதன்கிழமை பத்துத் தோட்டா செய்து, இரும்புப் பிடி இல்லாமல் வெறுங்கையால் சுட்டுப் பார்த்தார். குண்டுகள் அட்டையில் திசைக்கொன்றாகப் போயிருந்தன. பொடி சரியில்லையா, கை சரியில்லையா என்று கண்டுபிடிக்க வழியில்லை. பக்கத்தில் வந்து நின்ற ஆர்டித், "வெர்லின், நான் சொல்ல வந்தது…" என்று இழுத்தார்.

"ரகசியம், ஆர்டித்! ரகசியம்!" என்று அட்டையைச் சுருட்டிக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு ஓடினார் வெர்லின்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு மேசையில் அவர் முகம் வாடிக் கிடந்தது. டார்லிஸ் அவர் தட்டில் இறைச்சியோடு சேர்த்துச் சுட்ட உருளைக்கிழங்கு ஹாட்டிஷை இன்னொரு கரண்டி போட்டாள்.

"பச்சையாத்தான் இருக்கும், விடு" என்றாள்.

"எப்படிச் சொல்றே?"

"நாலுல ஒண்ணு. நான் உன்னைக் கட்டிக்கிட்டப்போ இதைவிடக் குறைவான நம்பிக்கையிலதான் கட்டிக்கிட்டேன். நல்லாத்தானே போச்சு?"

வெர்லின் சிரித்துவிட்டார். சிரித்ததும் மனசு லேசானது. பச்சைதான், வேறெது? அந்த அட்டை பொய் சொல்லுமா? நாலாம் நம்பர் பை தன் துப்பாக்கியில் அப்படிச் சுட்டது உண்மை. அப்படியானால் துப்பாக்கியில் குறையில்லை, பொடியில் குறையில்லை. தான் குறுக்கே வராமல் இருந்தால் போதும் என்று முடிவு செய்துகொண்டு தூங்கப் போனார்.

சனிக்கிழமை கிளப்பில் நிற்க இடமில்லை. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் அந்த அட்டை தொங்கியது. சிலர் அதனோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். வெர்லின் அதை ஒருமுறை பார்த்தார், தடத்தில் போய் நின்றார், கையை நீட்டினார். வழக்கமாக அவர் சுடும்போது மனசுக்குள் ஒரு வழக்கே நடக்கும்: எடை சரியா, பொடி சரியா, தோட்டாக் கூடு சரியா என்று. அன்றைக்கு ஒரு கேள்வியும் இல்லை. சுட்டார், அவ்வளவுதான்.

இருநூற்று எழுபத்தொன்று. மூன்றாம் பரிசு!

டார்லிஸ்தான் எல்லோரையும்விட உரக்கக் கத்தினாள். ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "பாவி மனுஷா, பதினைஞ்சாவது பனிக்காலமும் என்னைச் சுரண்ட வச்சுட்டியே!" என்று முதுகில் ஒன்று போட்டாள். வெர்லின் கண்ணில் தண்ணீர் நின்றது. கோப்பை அவர் முழங்கை உயரம்கூட இல்லை, ஆனால் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பேசு! பேசு! ரகசியத்தைச் சொல்லு!" என்று கூட்டம் மேசையைத் தட்டியது.

வெர்லின் நாற்காலிமேல் ஏறினார். "நண்பர்களே, இனி மறைக்கிறதுல அர்த்தமில்லை. பச்சை மூடி!"

அரங்கம் அதிர்ந்தது. மிலோ அங்கேயே நின்று போனில் ஆறு பெட்டி பச்சை மூடிக்கு ஆர்டர் சொன்னான். டரன் தன்னிடமிருந்த சிவப்பு, நீலம், கறுப்பு எல்லாவற்றையும் பாதி விலைக்குத் தர ஆள் தேடிக்கொண்டிருந்தான்.

கூட்டம் காபிப் பக்கம் நகர்ந்த பிறகு, ஒன்பதாவது முதல் கோப்பையைக் கைப்பைக்குள் திணித்தபடி ஆர்டித் மெல்ல வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நல்லா சுட்டே, வெர்லின். ரொம்ப சந்தோஷம்" என்றார்.

"எல்லாம் அந்த நாலாம் நம்பர் பை, ஆர்டித். இப்பக் கேளுங்க, உங்களுக்கு மட்டும் அளவுகூடச் சொல்றேன்."

"அதெல்லாம் வேண்டாம்ப்பா." கிழவி கைப்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு குறி அட்டையை எடுத்து, அவர் மடியில் பிரித்து வைத்தார். பத்து ஓட்டைகள். மூடுவதற்கு ஒரு சாப்பாட்டுத் தட்டு வேண்டும். "இதுதான் உன் நாலாம் நம்பர் பை. அன்னிக்கு அடிச்ச காத்துல, தொப்பியைக் கண்ணுவரைக்கும் இழுத்துவிட்டுக்கிட்டு ஓடிப்போய் நீ கழட்டிக்கிட்டு வந்தது என் அட்டை. எனக்கு இந்தப் பொடி, தராசு எல்லாம் தெரியாது, கடையில இருக்கிறதிலேயே மலிவான தோட்டாப் பெட்டியைத்தான் வாங்கிச் சுடுறேன்."