மாப்பிள்ளையின் பூச்சிவலையும் ஐந்து கிலோ கெண்டையும்

சோங்கிராட்,
ஜூன் 9, திங்கள்

அன்பும் மரியாதையும் நிறைந்த எத்தெல்கா அக்காவுக்கு,

தம்பி காஷ்பார் பணிவுடன் எழுதிக்கொள்வது. என் வீட்டுக்காரி தெரேஸும் நானும் சுகம். அங்கே உன் முட்டிவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, நேற்றிலிருந்து எனக்கு ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை. நம் மகள் பொரோகாவின் கல்யாணம் நிற்கப்போகிறது அக்கா, காரணம் நான்தான்.

நேற்றுக் காலை டிசா ஆற்றுக்குத் தூண்டிலோடு போனேன். மாப்பிள்ளையாகப் போகும் சிலார்டும் கூட வந்தான். பூச்சி ஆராய்ச்சிக்காரன் அல்லவா, தன் பூச்சிவலையை மரத்தில் சாய்த்துவிட்டுக் கரைக் களிமண்ணில் பூச்சிப் பொந்துகளை எண்ணப் போய்விட்டான். வருஷத்தில் நாலே நாள் பறக்கும் டிசாப்பூச்சிக்காகக் குளிர்காலம் முழுக்க அவனே வெள்ளைப் பட்டில் தைத்த வலை. பூச்சி அடுத்த வாரம் பறக்கும், விட்டால் அடுத்த ஜூன்தான். நான் தூண்டிலைப் போட்ட பிறகுதான் மீன் அள்ளும் கைவலையை வீட்டிலேயே விட்டுவந்தது தெரிந்தது. கைவலை இல்லாவிட்டால் லைசென்ஸைப் பிடுங்கிவிடுவார்கள் என்று உனக்கே தெரியும். தூரத்தில் மீன் காவலர் சைக்கிளில் வருகிறார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூச்சிவலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

"என்ன காஷ்பார் அண்ணே, யார் வீட்டுப் பொண்ணோட கல்யாண முக்காடு இது?"

"கைவலைங்க. புது மாடல்."

"இதுல கொசுவா புடிக்கப்போறீங்க?" என்று அவர் கேட்டு வாய் மூடவில்லை, தூண்டில் வளைந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு, "ம், அள்ளுங்க பாப்போம்" என்றார். அள்ளினேன் அக்கா! ஐந்து கிலோ கெண்டை! டர்ரென்று ஒரு சத்தம், மீன் பட்டைக் கிழித்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்துவிட்டது. காவலர்தான் பாய்ந்து கட்டிப்பிடித்தார். "உங்க லைசென்ஸ் தப்பிச்சுது, என் தொப்பிதான் ஆத்தோட போச்சு" என்று திட்டிக்கொண்டே போனார்.

கிழிந்த வலையைக் கோட்டுக்குள் சுருட்டி வந்து, நிலவறையில் ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன். "மாமா, என் வலையப் பாத்தீங்களா?" என்று அவன் கேட்டான். "காத்து பலமா அடிச்சுதே மாப்ள" என்றேன். என் வாயில் வருகிற பேச்சா இது? பொரோகாவும் அவனோடு முள்ளுக்குள் தேடிவிட்டு முழங்கை முழுக்கக் கீறலோடு வந்து நிற்கிறாள். முப்பத்தொரு வயதில் இப்போதுதான் அந்தப் பெண் ஒருத்தனைப் பார்த்துச் சிரித்திருக்கிறாள். உன் தையல்கடையிலிருந்து மெல்லிய வெள்ளைப் பட்டு மூன்று மீட்டர் எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வந்துவிடு. தெரேஸிடம் மூச்சு விடாதே.

அத்தானுக்கு என் வணக்கம். கடவுள் உன்னை நூறு வருஷம் நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும், வெள்ளிக்கிழமை வரையாவது கண்டிப்பாக.

உன் பாவப்பட்ட தம்பி,
காஷ்பார்

பி.கு.: பட்டு வேண்டாம். கவரை ஒட்டுவதற்குள், ஊறுகாய் எடுக்கப் போன சிலார்ட் கிழிந்த வலையோடு வந்து நின்றான். எல்லாவற்றையும் சொல்லி முகத்தை மூடிக்கொண்டேன். அவன் சிரிக்கிறான் அக்கா! "இவ்வளவுதானா மாமா? ரெண்டு நாள்ல தைச்சுடுவேன். நானும் உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிருக்கேன், கோவிச்சுக்காதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டான். மூன்று மாதமாக நான் ஊற்ற ஊற்ற, நம் வீட்டு மீன் சூப்பை மேஜைக்கு அடியில் நாய்க்குக் கொடுத்திருக்கிறான். மீன் வாசனையே ஆகாதாம்! டிசாக் கரையில், நம் குடும்பத்துக்கு, மீன் தின்னாத மாப்பிள்ளை! வெள்ளிக்கிழமை வரை காத்திருக்காதே, உடனே கிளம்பி வா. கல்யாணத்தை நிறுத்தியாக வேண்டும்.